சோதனை வயலும் இழப்பின் கணக்கும்

சோதனை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, ஆராய்ந்து அறிதல். மற்றொன்று, மனிதனுக்கு வந்து சேரும் துன்பம். ‘எனக்கேன் இந்தச் சோதனை’ என்று தெய்வத்திடம் முறையிடும் தாய்க்கும், ‘சோதனை மூலம் காட்டுக’ என்று வினாத்தாள் எழுதும் ஆசிரியனுக்கும் அந்த ஒரே சொல்தான் உதவுகிறது. வன்னியில் வாழ்ந்தோருக்கு மூன்றாவது பொருளொன்றும் பழக்கமானது. ஓமந்தையில் பொதிகளை இறக்கி, அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டித் தூக்கியவர்களுக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. புதிய நெல்லினத்தையோ புதிய பசளை முறையையோ கமக்காரரின் சொந்த வயலில் இட்டுப் பார்க்கும் பணிக்கும் நாம் இச்சொல்லையே வைத்திருக்கிறோம். பொருத்தமான பெயர்தான். பயிர் பொய்த்துப்போனால், ஆராய்ச்சியாளருக்கு முதற்பொருளில் இருந்த அதே சொல் கமக்காரருக்கு இரண்டாம் பொருளில் வந்து நிற்கிறது.

கமக்காரரும் ஆராய்ச்சியாளரும் கூடி நடத்தும் வயற்சோதனை பற்றிப் பேசுவோர் விளைச்சற் கணக்கை நிறையத் தருகின்றனர். ‘பங்காளி’ என்ற சொல்லும் அறிக்கைகளில் தாராளமாகப் புழங்குகிறது. பங்காளி எனப்படுபவன் நயத்திலும் நட்டத்திலும் பங்குடையவன். காணி பிரிப்பதைப் பார்த்த எந்த ஊரவருக்கும் இது தெரியும். ஆகவே இந்த வரலாற்றை இரண்டு கேள்விகளுடன் அணுக விரும்புகிறேன். நட்டம் வந்தபோது அதனை ஏற்றவர் யார்? விளைந்ததைப் பார்த்து ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது?

வன்னி நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெறுகிறது. கேட்பதற்கு இது குறைந்த அளவாகத் தோன்றாது. ஆனால் அதிற் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்குக் குளத்தில் தேங்கிய நீரே கதி. அதனால் மழையை நம்பிய காலபோகம், குளத்தை நம்பிய சிறுபோகம் என ஆண்டு இரண்டாகப் பிரிந்துகிடக்கிறது. குளத்துநீர் எட்டாத மானாவாரி வயல்களில் நெடுங்காலமாக நடந்துவருவது புழுதி விதைப்பு. மழை வருமுன்னரே ஆவணி, புரட்டாதியில் நிலத்தைப் புழுதியாக உழுது, காய்ந்த மண்ணிலேயே விதையை எறிந்துவிடுவர். முதல் மழையில் அது முளைக்கும். பெருமழை வரும்போது பயிர் நிமிர்ந்து நிற்கும்.

இதன் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். முதல் மழை பொய்மழையாகி, இரண்டு வாரம் வெயில் எறித்தால் முளை கருகும், விதைநெல் போய்விடும். பிந்தி விதைத்தாலோ வெள்ளம் வயலை மூடும்போது பயிர் சிறிதாக இருந்து அழுகும். இவ்விரு அச்சங்களுக்கும் இடையிலுள்ள சில நாள்களை வன்னிக் கமக்காரர் தலைமுறை தலைமுறையாகத் தேடிவந்துள்ளனர். காணி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காது, மேட்டுத் துண்டை ஒரு நாளிலும் பள்ளத் துண்டை வேறொரு நாளிலும் விதைப்பவர் செய்வது என்ன? சோதனைதான். உறவினர் வீட்டிலிருந்து ஒரு கடகம் புதிய விதைநெல் கொண்டுவந்து, வாய்க்காலோரத்து மூலையில் எறிந்துவிட்டு, தை மாதத்தில் அதனைத் தனியே அரிந்து பார்ப்பவர் செய்வதும் அதுவே. இச்சோதனையில் எண்கள் ஏட்டில் ஏறுவதில்லை. ஆனால் நெல் மட்டுமா பார்க்கப்படுகிறது? வைக்கோலை மாடு தின்னுகிறதா, புழுக்கினால் அரிசி உடைகிறதா, காலைப் பழஞ்சோற்றுக்கு ஏற்கிறதா, ஆலைக்காரன் என்ன விலை சொல்கிறான் என்பனவெல்லாம் அளக்கப்படுகின்றன. அளப்பவளும் பெரும்பாலும் வீட்டுப் பெண். இக்கணக்கின் முதல் விதி, தோற்றாலும் குடும்பம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் புதியதை விதைக்காதே என்பதாகும்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்றை இடையில் சொல்லிச் செல்கிறேன். பள்ளு நூல்கள் நெல்வகைகளின் பெயர்களை அடுக்கிச் செல்வதை நாம் வகுப்பறையில் சொல்வளத்துக்கு எடுத்துக்காட்டாகப் படிப்பிக்கிறோம். அப்பெயர்ப்பட்டியல் உண்மையில் ஒரு மக்கள்கூட்டத்தின் சோதனைப் பதிவேடு. எத்தனையோ மண்ணில் எத்தனையோ மழையில் பொறுக்கி எடுக்கப்பட்டவை அவை. பொறுக்கி எடுத்தவர்கள் பண்ணையிற் கூலியும் அடிமையுமாய் உழைத்த பள்ளர். ஆனால் முக்கூடற்பள்ளில் விதைக்கும் மாட்டுக்கும் கணக்கு ஒப்புவிக்க நிற்பவன் பள்ளன். தண்டனையாகத் தொழுமரத்தில் மாட்டப்படுபவனும் அவனே. அறிவு ஒருவனுடையது, கணக்குப் புத்தகம் வேறொருவனுடையது என்ற ஏற்பாடு ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே இருந்தது என்பதற்கு இலக்கியமே சாட்சி.

இப்பெயர்களுக்குப் பின்னர் நேர்ந்ததும் சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் விவசாயத் திணைக்களம், கமக்காரரிடமிருந்த நெல்லினங்களைத் திரட்டி, அவற்றுள் ஒரே தன்மையுள்ள கதிர்களைத் தெரிந்து தூயவழி இனங்களாக்கியது. பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கைக்காயன் 302 என அவை பெயரும் எண்ணும் சேர்த்து அழைக்கப்பட்டன. பெயர் கமக்காரர் இட்டது. எண் திணைக்களம் இட்டது. 1952 இல் குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடவில் நெல் இனவிருத்தி நிலையம் அமைந்த பின்னர் பெயர் முற்றாக மறைந்தது. 1958 இல் வெளியான புகழ்பெற்ற எச்-4 இனத்தின் ஒரு பெற்றார் நமது முருங்கைக்காயன் 302. மற்றது இந்தோனேசியாவிலிருந்து வந்த ‘மாஸ்’. சிவப்பரிசி தருவதும், புழுக்குவதற்கு ஏற்றதும், எரிபந்த நோயைத் தாங்குவதுமான அந்த இனத்தை உலர்வலயக் கமக்காரர் விரும்பி ஏற்றனர். எண்ணைக் குறைகூறுவது என் நோக்கமில்லை. 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 புசல் அளவே. பிற்காலத்தில் அது 80 புசலைத் தாண்டியதில் இனவிருத்தி விஞ்ஞானிகளின் பங்கு பெரிது. அந்த விஞ்ஞானிகள் கையில் எடுத்த முதற்பொருள் யாருடைய உழைப்பின் பயன் என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

ஆராய்ச்சி நிலையம் என்ற அமைப்பின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட். செயற்கைப் பசளை உற்பத்தி செய்து விற்ற ஜோன் லோஸ் என்பார் 1843 இல் அங்குத் தம் சொந்தப் பண்ணையிலே கோதுமைச் சோதனையைத் தொடங்கினார். நிலமும் அவருடையது, பசளையும் அவருடையது, நட்டமும் அவருடையது. 1919 இல் அங்கு வந்து சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் சோதனைக்கு ஒரு தருக்க ஒழுங்கைக் கொடுத்தார். ஒரே இனத்தைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப இடவேண்டும். எந்தப் பாத்திக்கு எந்த இனம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலிடம் விட்டுவிடவேண்டும். பழைய இனத்தையும் பக்கத்தில் இட்டு ஒப்புநோக்கவேண்டும். மண்ணின் வளவேறுபாடு, சோதிப்பவரின் ஆசை ஆகிய இரண்டும் தீர்ப்பைக் கெடுக்காதிருக்க இதனினும் நல்ல வழி இன்றுவரை இல்லை. கமக்காரரின் மூலைத்துண்டுச் சோதனையில் இல்லாதது இதுதான். ‘இம்முறை நல்லாய் விளைஞ்சது’ என்பவருக்கு, அது விதையின் குணமா அந்த மூலையின் வண்டலா என்று பிரித்தறிவது கடினம்.

ஆனால் ஃபிஷரின் ஒழுங்கு ஒரு விலையையும் கேட்டது. நிலையத்தின் மண் ஒரு மண். அங்கு நீர் வேளைக்கு வரும், களை வேளைக்குப் பிடுங்கப்படும், யானை வராது. அங்கே வென்றது கமக்காரரின் வயலில் வெல்லுமா என்னும் கேள்வி எஞ்சிநின்றது. அதற்கு விடையாகவே சோதனை வயலுக்கு வந்தது. இந்தியாவில் மண்வளம் பற்றி ஆராய்ந்து 1947 இல் அறிக்கையளித்த ஸ்ருவேட் என்பார், உழவர் வயல்களிலேயே எளிய பசளைச் சோதனைகளைப் பரவலாக நடத்தவேண்டும் எனக் கூறினார். 1950களில் அது பெரிய அளவில் நடைபெற்றது. நட்டம் பற்றிய கேள்வியை அதற்கும் முன்னரே ஓரிடத்தில் நேருக்குநேர் கேட்டிருந்தனர் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. 1903 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டெரல் என்னும் ஊரில் சீமன் நாப் என்பார் ஒரு கமக்காரரின் நிலத்திலே செயல்விளக்கம் நடத்த முயன்றபோது, அவ்வூர் வணிகர் ஏறத்தாழ 1,000 டொலர் நிதி திரட்டி வைத்தனர். புதிய முறையால் கமக்காரருக்கு நட்டம் வந்தால் அதிலிருந்து ஈடுசெய்வது ஏற்பாடு. நட்டம் வரவில்லை, நிதி செலவாகவுமில்லை. அந்த வணிகர் தரும சிந்தனையால் அதைச் செய்தாரல்லர். பருத்தி விளைந்தால்தான் அவர் கடை நடக்கும். எனினும், சோதனையின் நட்டம் ஊரின் நட்டம் என்று முதலாளித்துவத்தின் தலைநாட்டு வணிகரே ஒப்புக்கொண்டிருந்தனர். அந்த அமெரிக்கச் செயல்விளக்க முறை பின்னர் உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று. அந்த நிதி மட்டும் கப்பலேறவில்லை.

வன்னிக்கு வருவோம். இரணைமடுவைக் கட்டும் யோசனையை ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885 இலேயே வரைந்திருந்தார். வேலை 1902 இல் தொடங்கி 1920 ஆம் ஆண்டளவில் முடிந்தது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துக் காணியற்றோர் கிளிநொச்சியிற் குடியேற்றப்பட்டனர். தோட்டச் செய்கையில் கைதேர்ந்த அம்மக்களுக்கு வாய்க்கால் நீர், யானை, மலேரியா, பரந்த வயல் எல்லாமே புதியவை. குடியேற்றம் முழுவதுமே ஒரு வயற்சோதனை எனலாம். அதனை 1957 இல் பெருநூலாக எழுதிய கேம்பிரிட்ஜ் புவியியலாளரின் குடும்பப் பெயர் ‘பார்மர்’, அதாவது கமக்காரன், என்பது ஒரு வேடிக்கை.

அடுத்த ஆண்டாகிய 1958 இலங்கை விவசாய வரலாற்றில் ஒரு முடிச்சு. எச்-4 வெளியான ஆண்டு அது. பிலிப் குணவர்த்தனா முன்னின்று கொணர்ந்த நெற்காணிச் சட்டம் நிறைவேறி, உழுவோரே தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு வழிபிறந்ததும் அவ்வாண்டிலேதான். நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கியதும் அவ்வாண்டே. 1961 இல் அது சட்டமாயிற்று. விதை, உழுவோரின் குழு, இழப்புக்கு ஈடு: உண்மையான கூட்டுச் சோதனைக்கு வேண்டிய மூன்று கால்களும் ஒரே ஆண்டில் நாட்டுக்குக் கிடைத்தன. அவற்றை ஒரே முக்காலியாகக் கட்டியிருந்தால், பயிர்ச்செய்கைக் குழு தன் ஊருக்கு வேண்டிய இனத்தைக் கேட்டிருக்கும். சோதனைத் துண்டைத் தெரிந்திருக்கும். பொய்த்தால் காப்புறுதி ஈடுசெய்திருக்கும். அவ்வாறு நடைபெறவில்லை. நிலவுடைமையாளர் குழுக்களை முடக்கினர். குத்தகையாளர் பலர் வெளியேற்றப்பட்டனர். 1972 இல் தெரிவு முறை போய் நியமன முறை வந்தது. அதே 1958 இல் மூண்ட இனவன்செயல், தெற்கிலிருந்து அகதிகளை வடக்கு நோக்கி அனுப்பியது. கால்கள் மூன்றும் மூன்று திசையிற் கிடக்க, தரையே பிளக்கத் தொடங்கியிருந்தது.

1966 இல் பிலிப்பைன்சிலிருந்து வெளியான ஐ.ஆர். 8 குட்டை நெல் ஆசியாவெங்கும் பேசப்பட்டது. இலங்கையில் அது நிலைக்கவில்லை. பத்தலகொடவில் உருவான பீ.ஜி. 11–11 உம், 1971 இல் வெளியான மூன்று மாதத்து பீ.ஜி. 34–8 உம் அதனிடத்தைப் பிடித்தன. பசளை போட்டால் சாயாத இந்த இனங்கள் பசளை போடாவிட்டால் தம் பெருமையைக் காட்டுவதில்லை. ஆகவே விதையை ஏற்றுக்கொள்வது என்பது யூரியாவையும் கடனையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதாயிற்று. இதே காலத்தில் தமிழ்நாட்டு வடஆர்க்காட்டையும் இலங்கையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த குழுவொன்று (மேற்சொன்ன பார்மர்தான் அதன் பதிப்பாசிரியர், நூல் வெளிவந்தது 1977 இல்), வடஆர்க்காட்டில் புதிய நெல் பயிரானதாக அரச ஏடு சொன்ன பரப்பும் வயலிற் கண்ட பரப்பும் ஒத்துவரவில்லை என்று காட்டியது. கமக்காரர் பேசாமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தனர். ஏடு அதனைக் கேட்கவில்லை.

முத்தையன்கட்டு, விசுவமடு இளைஞர் திட்டங்களின் கதையும் இங்கு உண்டு. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர் காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் செய்தனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தபோது அவர்கள் உழைப்பு பொன்னாயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, இறக்குமதி மிளகாய் வந்தது, விலை விழுந்தது. செடியில் எந்தக் குறையும் இல்லை. எந்தப் பாத்தியில் எந்த இனத்தை எத்தனை முறை இட்டுப் பார்த்தாலும் கொழும்பில் எழுதப்படும் வர்த்தமானியை அளக்கும் கருவி அப்பாத்தியில் இராது.

1976 இல் அநுராதபுரத்துக்கு அண்மையில், மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் அயலிலுள்ள வலகம்பாகுவில், ஆராய்ச்சியாளர் கமக்காரரின் வயலுக்கே சென்று தங்கினர். குளம் நிரம்பும்வரை காத்திராமல், முதல் மழையிலேயே குறுகியகால நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டால், மிஞ்சும் குளத்துநீரைச் சிறுபோகத்துக்கு வைக்கலாம் என்பது திட்டம். வன்னி மானாவாரிக் கமக்காரர் கேட்டால் புன்னகை செய்வர். கருத்து நல்லது; சோதனை வயல்களில் வென்றும் காட்டியது. ஆயினும் உலர்வலயக் குளங்களெங்கும் அது எதிர்பார்த்தவாறு பரவவில்லை. காய்ந்த மண்ணை வேளைக்கு உழ உழவு இயந்திரம் வேண்டும். ஊர் மாடுகளை ஒரே நாளில் வயலைவிட்டு விலக்கவேண்டும். குளத்தின் கீழுள்ள எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்கவேண்டும். திட்டம் இருந்தவரை திட்டத்தின் கை உதவியது. தனியொரு கமக்காரன் தனித்து நின்று அதைச் செய்தால், ஊர்மாடு முழுவதும் அவன் பயிரில்தான் மேயும். சோதனையின் அலகு ஒரு பாத்தி. வாழ்க்கையின் அலகு ஒரு குளம்.

1979 இல் உலக வங்கி உதவியுடன் பயிற்சி–சந்திப்பு முறை வந்தது. விவசாயப் போதனாசிரியரும் ஊழியரும் குறித்த நாளில் ‘தொடர்பு விவசாயி’யைச் சந்திப்பர், அவர் அயலாருக்குச் சொல்வார். வயலில் நடத்தும் தழுவல் ஆராய்ச்சியும் அதனோடு இணைக்கப்பட்டது. பத்தாண்டில் இதன் கீழ்த்தட்டே அகற்றப்பட்டது: 1989 இல் ஊர்மட்ட ஊழியர்கள் கிராம அலுவலர் பணிக்கு மாற்றப்பட்டனர். மாகாண சபைகள் வந்ததும் விரிவாக்கம் பெரும்பாலும் மாகாணத்துக்கும் ஆராய்ச்சி மத்திக்குமாகப் பிரிந்தது. சோதிப்பவர் ஓர் அரசின் ஊழியர், வயல்வரம்பில் நிற்பவர் இன்னோர் அரசின் ஊழியர்.

தொடர்பு விவசாயி யார் என்று கேட்பதும் அவசியம். வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர், வண்டி ஏறி வருவோரை இருத்தித் தேநீர் கொடுக்கத் திண்ணை உள்ளவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பெரும்பாலும் ஆண். வாய்க்காலின் கடைமடையில் இருப்பவரின் வயலில் அதே இனம் வேறுவிதமாக நடந்துகொள்ளும். குத்தகைக்குச் செய்பவருக்கு இரண்டு புசல் கூட விளைவதைவிட நட்டம் வராதிருப்பதே பெரிது. 1958, 1977 வன்செயல்களால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில், பெரும்பாலும் பாசன நிலமின்றிப் பிறர் வயலிற் களைபிடுங்கியும் கதிரரிந்தும் வாழ்ந்தன. எந்த இனத்தில் பன்னை கூட, எந்த இனத்தில் பதர் கூட என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? எந்தச் சோதனையிலும் அவர்கள் ‘பங்காளி’ ஆனதில்லை, ஏனெனில் அவர்களிடம் சோதிக்க நிலமில்லை.

பின்னர் போர். 1990 முதல் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பசளையும் ஒன்று. 2002 வரை, பசளையை எதிர்பார்த்துப் பிறந்த இனங்களைப் பசளையின்றியோ கடத்திவந்த சிறிதளவைக் கொண்டோ விளைவிக்கும் நிலை வன்னிக்கு. மண்ணெண்ணெய் இல்லாமல் நீரிறைத்தனர். எருவும் இலைகுழையும் இட்டனர். மறந்திருந்த பழைய இனங்களைச் சிலர் தேடினர். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வன்னி வயல்களில் சேர்ந்த அறிவைப் பதிய யாரும் இருக்கவில்லை. 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமே இடம்பெயர்ந்து போயிற்று. பரந்தனிலிருந்த நெல் ஆராய்ச்சி நிலையமும் போரில் அழிந்தது. 2008 இலும் 2009 இலும் மக்கள் கிழக்கு நோக்கி ஓடியபோது விதைநெல் மூடைகள் பின்தங்கின. முதலில் சில மூடைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றவர்கள் பின் அவற்றைச் சமைத்து உண்டனர். விதைநெல்லை உண்பது கமக்காரக் குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. மீள்குடியேறியபோது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு முதலியன விதைநெல்லும் பசளையும் கொடுத்தன. அது உயிர்காத்த உதவி. இனத்தைத் தெரிவுசெய்யும் நேரம் அது அன்று.

இன்று ஒரு புதிய இனம் வெளிவரும் வழி வருமாறு. நிலையங்களில் நாடளாவிய ஒருங்கிணைந்த சோதனையில் தேறிய வரிசைகள், அதன்பின் வெவ்வேறு மாவட்டங்களில் கமக்காரரின் வயல்களில் இடப்படுகின்றன. அங்கும் தேறினால் வெளியீட்டுக் குழு முன் செல்கின்றன. வயலுக்கு வரும்போது பயிர் வளர்ப்பின் பெரும்பகுதி முடிந்த கதை. ஆண்டுக்கணக்கில் கழிக்கப்பட்டுப்போன வரிசைகளைக் கமக்காரர் கண்டதேயில்லை. இதனை மாற்ற வழியுண்டு. மலாவி நாட்டில் 1990களின் பிற்பகுதியில் சிக்லிண்ட் ஸ்னாப் என்னும் ஆராய்ச்சியாளர் ‘தாய்–சேய்’ என்றொரு முறையை நடைமுறைப்படுத்தினார். ஊர் நடுவில் எல்லா வகைகளும் ஃபிஷரின் ஒழுங்குப்படி அமைந்த தாய்ச் சோதனை. சுற்றிலும் ஒவ்வொரு கமக்காரரும் தமக்குப் பிடித்த இரண்டு மூன்று வகைகளை மட்டும் தம் முறைப்படி செய்யும் சேய்ச் சோதனைகள். கமக்காரர் தமது மூலைத்துண்டில் எந்நாளும் செய்துவந்ததைப் பலவாகக் கூட்டிக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது இதன் சிறப்பு. தாய்ப் பாத்தி எண்ணைத் தரும். சேய்ப் பாத்திகள் தீர்ப்பைத் தரும்.

என் வகுப்பில் உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி புழுங்கலரிசி பற்றி எழுதிய கட்டுரையில், அவித்த நெல்லின் வெடிப்பைப் பார்த்து இனத்தைச் சொல்லும் தன் பாட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ‘பாட்டியைக் கேட்டிருந்தால் அந்த நெல்லை விதைச்சிருக்கமாட்டினம்’ என்ற அவளது பேச்சுவழக்கு வாக்கியத்தை நான் திருத்தாமல் விட்டேன். சுவை பார்ப்பதும் அவித்துப் பார்ப்பதும் சோதனையின் முடிவில் ஒட்டப்படும் விருந்தல்ல, சோதனையின் ஒரு பாகம் என்பதை மெத்தப் படித்த அறிக்கைகளைவிட அவ்வாக்கியம் தெளிவாகச் சொல்கிறது.

இலங்கையின் மிகப்பெரிய வயற்சோதனை அண்மையில் நடந்தது. 2021 மே 6 ஆம் திகதி வர்த்தமானியால் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதி தடுக்கப்பட்டது. இயற்கைப் பசளையின் நன்மை தீமை இங்கே நமது வாதமன்று. எருவும் குழையும் இட்டுப் பன்னிரண்டு ஆண்டு வயல் செய்த வன்னிக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஒரு மாவட்டத்திலோ ஒரு குளத்தின் கீழோ முதலிற் பார்க்கவில்லை. ஒப்புநோக்கப் பழைய முறையில் ஒரு பாத்தியையும் விடவில்லை. ஏனெனில் நாடு முழுவதும் ஒரே பாத்தியாயிற்று. ஃபிஷரின் ஒழுங்கும் இல்லை, கமக்காரரின் முதல் விதியும் இல்லை. நவம்பர் 24 இல் தடை நீக்கப்பட்டது. தெற்கில் பிந்தி விதைத்த சிலருக்கு அது உதவியிருக்கலாம். புரட்டாதியில் புழுதியில் விதைத்த வன்னி மானாவாரிப் பயிருக்கு மேற்பசளை இடும் பருவம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. 2022 ஆம் ஆண்டு நாட்டின் நெல் உற்பத்தி வழமையைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

அவ்வாண்டு ஜனவரி 25 இல், பெரும்போகத்தில் நட்டமடைந்த நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு வழங்க அரசு முடிவுசெய்ததாக அறிவித்தது. டெரல் வணிகர் விதைப்புக்கு முன் பெட்டியில் வைத்ததை, இங்கே அறுவடை வேளையில் அறிவித்தார்கள். அது தை மாதம். வன்னியில் முன்விதைப்பு வயல்களில் அரிவு வெட்டும் இயந்திரங்கள் இறங்கியிருந்தன. ஏக்கருக்கு எத்தனை மூடை என்று வரம்பில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தனர்.